சர்க்கஸ் குடும்பங்கள் எங்கே போயின? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஜெமினி சர்க்கஸ் முதலாளி ஜெமினி சங்கரனைப் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன். அதற்கப்புறம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணி, செய்யாறு என்று பழைய வடாற்காடு முழுவதிலிருந்தும் சர்க்கஸ் பற்றியே கடிதங்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஞாபகம், ஒரு வருத்தம். அதனால் இந்தத் தடவை பகுதி முழுவதையும் சர்க்கஸுக்கே கொடுத்துவிட்டேன். பல பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

காட்பாடி வாசகி: வேலூர் கோட்டை மைதானத்தில் சர்க்கஸ் போட்டால் ராத்திரியில் சர்ச்லைட் வானத்தில் சுற்றுவது எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்தே தெரியும் என்று அம்மா சொல்லுவார். என் பிள்ளைகள் ஒரு சர்க்கஸ்கூடப் பார்த்ததில்லை. சிங்கம், புலியைத் தடை செய்ததால்தான் சர்க்கஸ் அழிந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது உண்மையா?

தடையும் ஒரு காரணம். ஆனால் அதை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் சர்க்கஸ் எப்படிப் பிழைத்தது என்று யோசித்துப் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு பெரிய சர்க்கஸ் என்றால் நூற்றுக்கணக்கான ஆட்கள். பார் ஆடுகிறவர்கள் (உயரத்தில் தொங்கும் கம்பியைப் பிடித்து ஊஞ்சலாடுகிறவர்கள்), சைக்கிள் ஓட்டுகிறவர்கள், கோமாளிகள், இவர்களோடு கூடாரம் அடிக்கிறவர்கள், டிக்கெட் கிழிக்கிறவர்கள், சமையல்காரர், தையல்காரர், எலக்ட்ரீஷியன், லாரி டிரைவர். அத்தனை பேருக்கும் மூன்று வேளைச் சாப்பாடு முதலாளி செலவு. மழை பெய்து ஆட்டம் ரத்தானாலும் அடுப்பு எரிய வேண்டும், சம்பளம் ஓட வேண்டும், மைதான வாடகை ஏற வேண்டும். சினிமா தியேட்டர்காரர் கூட்டம் வராத நாளில் கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம், சர்க்கஸ் முதலாளிக்கு வீடே அந்தக் கூடாரம்தான்.

இதோடு நம் ஊர்ச் சங்கதியையும் சேர்த்துப் பாருங்கள். பள்ளிக்கூட லீவு ஏப்ரல், மே. அப்போதுதான் பிள்ளைகள் வரும். ஆனால் வேலூர் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், மதியக் காட்சிக்குத் தார்ப்பாய்க்கு அடியில் இரண்டரை மணி நேரம் யார் உட்கார முடியும்? ஐப்பசி, கார்த்திகையில் மழை. தை, மாசியில் காற்றும் நன்றாக இருக்கும், அறுவடைப் பணமும் கையில் இருக்கும், ஆனால் பரீட்சை வந்துவிடும். ஆக ஒரு ஊரில் நல்ல வசூல் என்பது வருடத்தில் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களை ஊர் ஊராகத் தேடிக்கொண்டு போவதுதான் சர்க்கஸ் குடும்பத்தின் பிழைப்பே. எந்த ஊரில் எப்போது திருவிழா, எந்த மில்லில் எப்போது போனஸ், எந்தப் பக்கம் விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்த முதலாளிகள் பிழைத்தார்கள்.

அப்புறம் நிலம். கூடாரம், கேலரி, கூண்டுகள், ஆட்கள் தங்கும் டேரா, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று ஏக்கராவது ஒரே இடத்தில் வேண்டும், அதுவும் ஊர் நடுவில். அப்படிப்பட்ட மைதானங்கள் பஸ் நிலையமாகவும் மார்க்கெட்டாகவும் கட்டடங்களாகவும் ஆகிவிட்டன. ஊருக்கு வெளியே போட்டால் ராத்திரிக் காட்சி விடும்போது பேரணாம்பட்டுக்கோ ஒடுகத்தூருக்கோ பஸ் கிடைக்காது. நடந்து வந்து நடந்து போன கூட்டம்தான் கேலரியை நிரப்பியது, முன்வரிசை நாற்காலிக்காரர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான். கேலரிக் கூட்டம் நின்றதும் கணக்கு உதைத்தது. டிவி வந்தது, கேபிள் வந்தது, செல்போன் வந்தது என்பதெல்லாம் எல்லாரும் சொல்கிறதுதான், மறுக்கவில்லை.

ஆனால் இதையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. உழைப்பு. சர்க்கஸ் ஏறியது குடும்பத்து ஆட்களின் கூலி கேட்காத உழைப்பாலும், ஏழை வீட்டுப் பிள்ளைகளின் மலிவான உழைப்பாலும். அந்த இரண்டும் இனி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. இனிமேல் சர்க்கஸ் பிழைக்க வேண்டுமென்றால் கலைஞனுக்கு முழுச் சம்பளம் கொடுத்துத்தான் பிழைக்க வேண்டும். இந்தத் தடவை வந்த கேள்விகள் எல்லாமே சுற்றிச் சுற்றி இங்கேதான் வருகின்றன.

ஆரணி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: இந்தியாவில் சர்க்கஸை ஆரம்பித்தது யார்? முதலாளியும் கலைஞர்களும் ஏன் பெரும்பாலும் கேரளத்துத் தலச்சேரிக்காரர்களாகவே இருந்தார்கள்?

ஐயா, கயிற்றில் நடப்பதும் கம்பத்தில் ஏறி ஆடுவதும் நமக்குப் புதிதில்லை. குறுந்தொகையின் 7ஆம் பாட்டில் கயிற்றின் மேல் ஆடுகிறவர்களின் பறைச் சத்தம் வருகிறது, கழைக்கூத்தாடிகளைத் தெருவில் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிக்கெட் போட்டு, வட்டமாகக் கூடாரம் அடித்து, குதிரையும் புலியும் கோமாளியும் ஒரே மேடையில் வரும் முறைதான் ஐரோப்பாவிலிருந்து வந்தது. சியாரினி என்ற இத்தாலியருடைய சர்க்கஸ் 1879இல் பம்பாய் வந்தது. குருந்த்வாட் சமஸ்தானத்தில் குதிரை பழக்குகிறவராக இருந்த விஷ்ணுபந்த் சத்ரே அதைப் பார்த்துவிட்டு, தானே ஒரு சர்க்கஸைத் தொடங்கினார். 1880 மார்ச் 20ஆம் தேதி பம்பாயில் முதல் காட்சி. பெயர் கிரேட் இந்தியன் சர்க்கஸ்.

அந்த சர்க்கஸ் ஊர் ஊராகப் போய்த் தலச்சேரிக்கும் போனது. அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற ஆசிரியர் களரிச் சண்டைக் கலையும் ஜிம்னாஸ்டிக்ஸும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சத்ரேவுக்கும் அவருக்கும் ஏற்பட்ட பழக்கத்தில் தலச்சேரிப் பிள்ளைகள் சர்க்கஸ் பக்கம் திரும்பினார்கள். 1901இல் சிறக்கரையில் அவர் சர்க்கஸுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி வைத்தார். அவருடைய மாணவர் பரியாலி கண்ணன் 1904இல் கிராண்ட் மலபார் சர்க்கஸைத் தொடங்கினார். இன்னொரு மாணவர், கண்ணன் பம்பாயோ என்ற பெயரில், கயிற்றின் மேல் குட்டிக்கரணம் போட்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பேர் வாங்கினார். ஒரே ஒரு வாத்தியார், ஒரே ஒரு பள்ளி, ஐயா. அதிலிருந்து ஒரு நாட்டின் சர்க்கஸே கிளைத்தது. நீங்கள் ஆசிரியராக இருந்தவர், உங்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு பெருமிதமாக இருக்கிறது.

ஜெமினி சங்கரனும் தலச்சேரிப் பக்கம்தான். சர்க்கஸ் பயிற்சி எடுத்து, நடுவில் ராணுவத்துக்குப் போய், யுத்தம் முடிந்து திரும்பி வந்து பார் விளையாட்டுக்காரரானார். 1951இல் சகாதேவன் என்ற நண்பரோடு சேர்ந்து நொடித்துப்போயிருந்த விஜயா சர்க்கஸை 6,000 ரூபாய்க்கு வாங்கினார். அதே வருடம் ஆகஸ்ட் 15 அன்று குஜராத்தில் பிலிமோராவில் ஜெமினி என்ற பெயரில் முதல் காட்சி. 1977இல் ஜம்போவும் அவர் கைக்கு வந்தது. 2023 ஏப்ரலில் தன் 99ஆம் வயதில் காலமானார், மகன்கள் தொழிலைப் பார்க்கிறார்கள். முதலாளியே பாரில் தொங்கினவர் என்பதைக் கவனியுங்கள். எந்தக் கயிறு எந்த எடை தாங்கும், எந்தப் பையனுக்கு இன்றைக்குக் கை நடுங்குகிறது என்று அவருக்குத் தெரியும். குடும்ப சர்க்கஸின் பலம் அதுதான்.

திருப்பத்தூர் வாசகர்: சர்க்கஸ் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி உண்டா?

ஒரு ஆளுக்கு 500 ரூபாய் வரை டிக்கெட் என்றால் கிடையாது. அதற்கு மேல் போனால் உண்டு.

ராணிப்பேட்டை, கல்லூரி மாணவர்: அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் 2017இல் மூடப்பட்டு 2023இல் மறுபடி தொடங்கியதாகப் படித்தேன். அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஆரம்பித்த அவ்வளவு பெரிய நிறுவனம் எப்படி விழுந்தது?

தம்பி, இது எனக்கு மிகவும் பிடித்த கதை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ராணிப்பேட்டைக்காரர் உங்களுக்கு இதில் ஒரு சொந்தமும் உண்டு. அந்தச் சகோதரர்களின் அப்பா தோல் வேலைக்காரர், குதிரைச் சேணம் தைத்துப் பிழைத்தவர்.

மொத்தம் ஏழு அண்ணன் தம்பிகள். அதில் ஐந்து பேர் சேர்ந்து 1884இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பாராபூ என்ற சிற்றூரில் சர்க்கஸைத் தொடங்கினார்கள். முதலில் குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போனார்கள், 1890இல் ரயிலுக்கு மாறினார்கள். வேலையைப் பிரித்துக்கொண்ட விதம்தான் அவர்களுடைய வெற்றி. மூத்தவர் ஆல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டார். ஓட்டோ என்ற சகோதரர் கணக்கு வழக்கு. ஆல்ஃப் விளம்பரம். சார்லஸ் நிர்வாகம். ஜான் அடுத்து எந்த ஊர், எந்த வழி என்று முடிவு செய்கிறவர். சம்பளம் கொடுத்து ஐந்து ஆள் வைக்க வேண்டிய வேலையை ஐந்து சகோதரர்கள் ஒரு குடும்பத்துக்குள்ளேயே முடித்தார்கள். திருட முடியாது, ஏமாற்ற முடியாது, இன்றைக்கு லீவு என்று சொல்லவும் முடியாது. அந்தக் காலத்தில் அவர்களைவிடப் பெரிதாக இருந்த பார்னம் பெய்லி சர்க்கஸையே 1907இல் வாங்கிவிட்டார்கள். 1919இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள்.

ஆனால் அதற்குள் சகோதரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர ஆரம்பித்துவிட்டார்கள். கணக்குப் பார்த்த ஓட்டோ 1911இல். ஆல் 1916இல். ஆல்ஃப், இரண்டு சர்க்கஸும் ஒன்றான அதே 1919இல். சார்லஸ் 1926இல். கடைசியில் ஜான் மட்டும் மிஞ்சினார். வழி பார்க்கத் தெரிந்த மனிதர், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ‘வேண்டாம்’ என்று சொல்லக் கணக்குப்பிள்ளை அண்ணன் இல்லை. 1929இல் பெரும் கடன் வாங்கி, ஐந்து சர்க்கஸ்களை வைத்திருந்த இன்னொரு நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். அதே வருடம் அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தது, நாடே பொருளாதார நெருக்கடியில் விழுந்தது. 1932இல் சர்க்கஸ் அவர் கையை விட்டுக் கடன்காரர்கள் கைக்குப் போனது. 1936இல் இறந்தார்.

பிறகு அவருடைய தங்கை மகன் ஜான் ரிங்லிங் நார்த் போராடி அதைத் திரும்ப எடுத்து நடத்தினார். 1944 ஜூலை 6ஆம் தேதி ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஆட்டம் நடக்கும்போதே கூடாரத்தில் தீப்பிடித்தது. மழை உள்ளே இறங்காமல் இருக்கக் கூடாரத் துணிக்கு மெழுகைப் பெட்ரோலில் கரைத்துப் பூசியிருந்தார்கள். சில நிமிடங்களில் எல்லாம் எரிந்து விழுந்தது. 160 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். நம் பக்கத்தில் 1981 பிப்ரவரி 7ஆம் தேதி பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் எரிந்து 92 பேர் இறந்தார்கள், அவர்களிலும் குழந்தைகளே அதிகம். இன்றைக்குச் சர்க்கஸ் போட வேண்டுமென்றால் தீயணைப்புத் துறை அத்தனை கேள்வி கேட்கிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் மறக்கக்கூடாது. ஒரு கேள்வியைக்கூடக் குறைக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

1956 ஜூலையில் பிட்ஸ்பர்க் நகரத்தோடு ரிங்லிங் கூடாரம் அடிப்பதையே நிறுத்தினார்கள். அதற்கப்புறம் உள்ளரங்கங்களில் மட்டும் ஆட்டம். 1967இல் குடும்பம் மொத்தமாக விற்றுவிட்டு விலகியது. வாங்கியவர் இர்வின் ஃபெல்ட். இப்போது நடத்துவதும் அந்த ஃபெல்ட் குடும்பம்தான். அவர்கள்தான் 2016 மே மாதம் யானைகளை ஆட்டத்திலிருந்து எடுத்தார்கள். 2017 மே 21 அன்று நியூயார்க் பக்கத்தில் கடைசிக் காட்சி. யானை போன பிறகு டிக்கெட் விற்பனை எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் குறைந்தது என்று முதலாளியே சொன்னார், அதை நான் மறைக்கவில்லை. 2023இல் ஒரு விலங்குகூட இல்லாமல் மனிதர்களை மட்டும் வைத்து மறுபடி தொடங்கினார்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, ரிங்லிங் குடும்பம் சர்க்கஸை விட்டுப் போனது 1967இல். அப்போது யானை, புலி, சிங்கம், குதிரை எல்லாம் நிறைய இருந்தன, எந்தத் தடையும் இல்லை. அந்தக் குடும்பத்தை இறக்கியது விலங்கு போனது இல்லை. ஐந்து பேர் செய்த வேலைக்கு ஒருவர்தான் மிஞ்சினார், கடன் வந்தது, தீ வந்தது, கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் செலவு கட்டுபடியாகவில்லை. அடுத்த தலைமுறையில் பலருக்கு அது பங்குப் பத்திரம், அவர்களுடைய அப்பாக்களுக்கு அது கை வேலை.

வாணியம்பாடி வாசகர்: சிங்கமும் புலியும் யானையும் இல்லாமல் என்ன சர்க்கஸ்? அரசாங்கம் தடையை நீக்கினால் சர்க்கஸ் தொழில் பிழைக்குமே?

நீக்கக் கூடாது. உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது, புலி நெருப்பு வளையத்தில் பாய்வதைப் பார்த்த யாருக்கும் அது மறக்காது. ஆனால் அந்தப் புலி எப்படி நெருப்புக்குள் பாயப் பழகியது என்று யோசியுங்கள். காட்டு விலங்கு எதுவும் ஆசைப்பட்டு நெருப்பிடம் போகாது. ஆட்டம் சில நிமிடங்கள், மற்ற நேரமெல்லாம் திரும்பக்கூட இடமில்லாத கூண்டு. அந்தக் கூண்டோடேயே லாரியில் ஏற்றி வெயிலில் நூற்றுக்கணக்கான மைல்.

மத்திய அரசு 1998 அக்டோபரில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி ஆட்டத்தில் காட்டக் கூடாது என்று அறிவித்தது. சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2000இல் கேரள உயர் நீதிமன்றமும் 2001 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தடை சரிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டன. மீட்கப்பட்ட சிங்கம், புலிகளுக்காக வண்டலூரிலும் திருப்பதியிலும் தனி மையங்கள் அமைத்தார்கள். வேலூரிலிருந்து இரண்டுமே ஒரு பகல் பயணத் தூரம்தான். சர்க்கஸில் ஆடிய விலங்கு அதன் மிச்ச ஆயுளில் நிம்மதியாகப் படுத்திருக்க நம் பக்கத்திலேயே இரண்டு இடம் ஏற்பாடானது எனக்குச் சந்தோஷமான செய்தி.

தடையை நடைமுறைப்படுத்திய விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. விலங்குக்கு மறுவாழ்வு யோசித்தவர்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளுக்கு யோசிக்கவில்லை. இருபது வருடம் சிங்கத்துக்குத் தீனி வைத்தவனுக்கு வேறு என்ன வேலை தெரியும்? அவன் கையில் ஒரு மாற்றுத் தொழிலைக் கொடுத்திருக்க வேண்டும். அந்தச் செலவைக் கூடாரக்காரக் குடும்பங்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டது நியாயமில்லை.

ஆம்பூர், ஷூ கம்பெனியில் வேலை செய்யும் வாசகி: சின்ன வயதில் சர்க்கஸில் என் வயதுப் பெண்கள் கம்பியில் நடந்ததை ஆசையாகப் பார்த்திருக்கிறேன். இப்போது எனக்கே பெண் பிள்ளை இருக்கிறது, நினைத்தால் வயிறு கலங்குகிறது. அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்?

கலங்க வேண்டிய விஷயம்தான், அம்மா. ஆரம்பத்தில் தலச்சேரிப் பக்கத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள். அங்கே படிப்பும் வளைகுடா வேலையும் வந்த பிறகு யாரும் பிள்ளையை அனுப்பவில்லை. அப்புறம் நேபாளம், மேற்கு வங்காளம், அசாம் பக்கங்களிலிருந்து கொண்டுவந்தார்கள். பெற்றோர் கையில் ஒரு தொகை, பல வருட ஒப்பந்தம், நடுவில் பிள்ளை திரும்ப முடியாது. எல்லாக் கூடாரத்திலும் அடி உதை என்று நான் சொல்லமாட்டேன், சொந்தப் பிள்ளைபோல வளர்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் கொடுமை நடந்த இடங்களும் இருந்தன. மீட்கப் போனவர்களையே அடித்த சம்பவம் உண்டு. 2004இல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு சர்க்கஸிலிருந்து பிள்ளைகளை மீட்கப் போன கைலாஷ் சத்யார்த்தி தாக்கப்பட்டார், பின்னால் நோபல் பரிசு வாங்கினாரே, அவர்தான். அவருடைய அமைப்பு 2006இல் வழக்குப் போட்டது. 2011 ஏப்ரல் 18ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்து அரசு அறிவிக்க வேண்டும், இருக்கிற பிள்ளைகளை மீட்டு மறுவாழ்வு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

விலங்குத் தடையைவிட இந்த உத்தரவுதான் பழைய பாணிச் சர்க்கஸை உலுக்கியது என்பது என் எண்ணம். ஏனென்றால் உடம்பு வளைகிற வயது சின்ன வயது. அப்போது ஆரம்பித்தால்தான் பதினெட்டு வயதில் பாரில் பறக்க முடியும். அந்த வாசல் மூடியதும் புதிய கலைஞர்கள் வருவது நின்றது. இப்போது நம் சர்க்கஸ்களில் எத்தியோப்பியா, தான்சானியா, மங்கோலியா என்று வெளிநாட்டுக் கலைஞர்களைப் பார்க்கிறோம் என்றால் காரணம் இதுதான்.

உத்தரவு முழுக்கச் சரி. அதற்கு மாற்று வழியும் இருக்கிறது. ஜிம்னாஸ்டிக்ஸ் கற்றுக்கொள்கிற பிள்ளை காலையில் பயிற்சி, அப்புறம் பள்ளிக்கூடம், ராத்திரி அம்மாவிடம் தூக்கம் என்று வளர்வதுபோலச் சர்க்கஸ் பயிற்சியும் இருக்கலாம். கீலேரி வாத்தியார் செய்தது அதுதானே. 2010இல் கேரள அரசு தலச்சேரியில் ஒரு சர்க்கஸ் அகாடமி ஆரம்பித்தது, சில வருடங்களிலேயே மூடிவிட்டார்கள். மூடியிருக்கக் கூடாது. நம் மாவட்ட விளையாட்டு மைதானங்களில் ஜிம்னாஸ்டிக்ஸ் கருவிகளை முறையாக வைத்து, ஓய்வுபெற்ற சர்க்கஸ் கலைஞர்களைச் சம்பளம் கொடுத்துப் பயிற்சியாளர்களாக வைத்தால் இரண்டு தலைமுறைக்கும் நல்லது.

செய்யாறு வாசகர்: எங்கள் பக்கத்துப் புரிசையில் ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து நடத்துகிறது. சர்க்கஸ் குடும்பங்களால் ஏன் அப்படி நிலைக்க முடியவில்லை?

கடிதங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி இது. கண்ணப்பத் தம்பிரான் குடும்பத்தின் கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் குடும்பத்தில் பையன் வேஷம் கட்டுவதற்கு முன்பே தாளம் அவன் காதில் ஏறியிருக்கும். சர்க்கஸ் குடும்பத்திலும் அப்படித்தான். கலை கைமாறும் விதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் யார் சோறு போடுகிறார்கள் என்பதில். வடாற்காட்டில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் ஊரே வரி போட்டுக் கூத்துக்காரர்களைக் கூப்பிடும். தாம்பூலம் வைத்து நாள் குறித்து, முன்பணம் கொடுத்து, ஊர்ச் சாப்பாடு போட்டு, தீமிதி வரைக்கும் வைத்துக்கொள்ளும். பார்க்கிறவன் டிக்கெட் வாங்கவில்லை, ஆனால் கலைஞன் கூலி முன்கூட்டியே உறுதி. மழை பெய்தால் மறுநாள் ஆடலாம். தேவைப்படுவது ஆட ஒரு களம், அதற்கான வெளிச்சம், வாத்தியம், வேஷப் பெட்டி. சர்க்கஸை யாரும் அழைப்பதில்லை. அதுவாக வருகிறது, அதுவாகச் செலவு செய்கிறது, கவுண்டரில் விழுகிற காசை மட்டும் நம்பி நிற்கிறது. ஊருக்கு அது விருந்தாளி, சொந்தக்காரன் இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது சர்க்கஸ் கூடாரங்கள் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டன, ஆட்களுக்குச் சாப்பாட்டுக்கே அக்கம்பக்கத்தார் உதவ வேண்டியிருந்தது. கூத்துக்காரர்களும் அந்தக் காலத்தில் பட்டினி கிடந்தார்கள், ஆனால் அவர்களுக்குச் சொந்த ஊர், ஒரு வீடு, ரேஷன் கார்டு இருந்தது.

கூத்து மாதிரிச் சர்க்கஸையும் ஊர் அழைக்க முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். வேலூர் மாநகராட்சியோ, மாவட்ட நிர்வாகமோ பொருட்காட்சி போடும்போது ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் இடம் ஒதுக்குகிறார்கள். அதே மைதானத்தில் ஒரு சர்க்கஸுக்கு ஒரு மாதம் வாடகை இல்லாமல் இடம் கொடுத்து, அதற்குப் பதிலாக அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வார நாள் மதியக் காட்சியை இலவசமாகக் காட்டச் சொல்லலாம். வார நாள் மதியம் கேலரி எப்படியும் காலியாகத்தான் கிடக்கும். பிள்ளைகள் வருவார்கள், அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லுவார்கள், ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவோடு டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

சத்துவாச்சாரி வாசகர்: என் தாத்தா இளவயதில் சர்க்கஸில் பார் ஆடினவர். கீழே விழுந்து இடுப்பு அடிபட்டு ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார். இப்போது வருமானம் எதுவும் இல்லை. அவருக்கு ஏதாவது ஓய்வூதியம் கிடைக்குமா?

முதலில் உங்கள் தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கேரள அரசு ஓய்வுபெற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்கென்றே ஓய்வூதியம் தருகிறது. தமிழ்நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும், அதற்காக இந்தப் பகுதியில் தொடர்ந்து எழுதுவேன். அதுவரை காத்திருக்காமல் செய்ய வேண்டியது, அரசின் முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பம் போடுவது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்குப் புத்தகம், போட்டோ தேவைப்படும். இடுப்பு அடிபட்டு நடக்கச் சிரமம் என்றால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள், அதற்குத் தனி உதவித்தொகை உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் இருக்கிறது, அங்கேயும் ஒரு மனு கொடுத்து எழுத்தில் பதில் கேளுங்கள்.

இன்னொன்று. தாத்தா ஆடிய சர்க்கஸின் பெயர், எந்த வருடம் எந்த ஊர், முதலாளி யார், கூட ஆடினவர்கள் யார் என்பதையெல்லாம் அவரைச் சொல்லச் சொல்லி எழுதி வையுங்கள். பழைய நோட்டீஸ், போட்டோ, ஒப்பந்தக் காகிதம், அடையாள அட்டை எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். நாளைக்கு ஓய்வூதியம் வந்தால் ‘நான் சர்க்கஸில் இருந்தேன்’ என்று நிரூபிக்க இதுதான் வேண்டும், பல பேர் இது இல்லாமல்தான் திண்டாடுகிறார்கள். முடிந்தால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.